'இங்கிலீஷ் லிட்' எடுத்தா இங்கிலீஷ் பேச வந்துடுமா? - பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நடக்கும் எந்த விசேஷ வீட்டிலும் இந்த இரண்டு பேரைப் பார்க்கலாம். "இங்கிலீஷ் லிட்டா எடுக்கப் போற? சூப்பர். இனிமே இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவ!" என்று தோளில் தட்டும் மாமா ஒருவர். "அதைப் படிச்சா டீச்சர் வேலைதானேம்மா கிடைக்கும்?" என்று இழுக்கும் அத்தை ஒருவர். இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

தமிழ்நாட்டில் கலைக் கல்லூரி என்று ஒன்று இருந்தால் அங்கே பி.ஏ. ஆங்கிலம் அநேகமாக இருக்கும். பல கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என இரண்டு செட். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானவர்கள் அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். அவர்களில் நிறைய பேர் ஷேக்ஸ்பியர் மேல் காதல் வந்து சேரவில்லை. இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்ற நம்பிக்கையில் சேர்கிறார்கள். அந்த நம்பிக்கையில் தப்பே இல்லை. ஆனால், சேர்ந்திருக்கும் வகுப்பு அந்த நம்பிக்கைக்காகக் கட்டப்பட்டது இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் செமஸ்டர் ஷாக்

பாடத்திட்டம் எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறொரு மொழி. பார்ட் டூ ஆங்கிலம். இது பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களுக்கும் உண்டு, அடிப்படை இலக்கணம், சின்னச் சின்னக் கட்டுரைகள், கடிதம் எழுதுவது என்று போகும். பார்ட் த்ரீதான் உங்கள் மெயின். கோர் பேப்பர்களும் அல்லைடு பேப்பர்களும் அங்கே வரும். பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழல், சாஃப்ட் ஸ்கில் போன்றவை.

ஸ்போக்கன் இங்கிலீஷை எதிர்பார்த்து வந்தவர், கோர் பேப்பரின் முதல் பாடத்தைத் திறந்தால் எதிரே நிற்பவர் ஜெஃப்ரி சாஸர். 14-ம் நூற்றாண்டுக்காரர். லண்டன் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் கூடிய யாத்ரீகர்கள், கேன்டர்பரி கோயிலுக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நம்ம ஊரில் பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் ஒரு மில் முதலாளி, ஒரு கைம்பெண், ஒரு போலிச் சாமியார், ஒரு வக்கீல் எல்லாம் சேர்ந்து நடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் 'கேன்டர்பரி டேல்ஸ்'. படு சுவாரஸ்யமான சமாச்சாரம். ஆனால், அந்த ஆங்கிலம் இன்றைய ஆங்கிலம் இல்லை. லண்டனில் பிறந்து வளர்ந்த பையனுக்கே அருஞ்சொற்பொருள் இல்லாமல் புரியாது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. பி.ஏ. தமிழ் சேர்கிற மாணவருக்கு அங்கே யாராவது தமிழ் பேசக் கற்றுத்தருவார்களா? மாட்டார்கள். தமிழ் வரும் என்று வைத்துக்கொண்டு நேராக சங்க இலக்கியத்துக்கும் தொல்காப்பியத்துக்கும் போய்விடுவார்கள். ஆங்கில இலக்கியமும் அப்படியே. ஆங்கிலத்தில் ஏற்கெனவே படிக்கவும் எழுதவும் தெரிந்தவருக்காக யோசிக்கப்பட்ட படிப்பு அது. அதற்குள் தமிழ் மீடியம் மாணவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, இடையில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டுவது உன் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். 'இங்கிலீஷ் மேஜர் படிக்கிற, ஒரு வாக்கியம் பேச வரல' என்று பிள்ளைகளைக் கேலி செய்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இங்கிலாந்துக்கு முன்னால் இந்தியா

இந்த விநோதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கில இலக்கியம் என்ற பாடம் இங்கிலாந்தில் பிறந்து இங்கே வந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். கதை கொஞ்சம் தலைகீழ். அப்போது ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் மரியாதை கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும்தான். 'தாய்மொழிக் கதையைப் படிக்க ஒரு டிகிரியா?' என்பது அங்கே இருந்த மனநிலை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத்துக்குத் தனி ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கியது 1894-ல். கேம்பிரிட்ஜ் 1917-ல்.

இந்தியாவிலோ 1835-லேயே மெக்காலே தன் குறிப்பை எழுதிவிட்டார். ஐரோப்பியப் புத்தகங்கள் ஓர் அலமாரி இருந்தால் போதும், கீழை நாடுகளின் இலக்கியம் மொத்தமும் அதற்கு ஈடாகாது என்கிற ரீதியில் வாதம் செய்தார். தனக்கு சம்ஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்பதையும் அதே குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டார் என்பது இதில் தமாஷ். அந்த வருஷமே அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்வியின் பக்கம் திரும்பியது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் பல்கலைக்கழகங்கள் வந்தன. ஷேக்ஸ்பியரும் மில்டனும் மெட்ராஸ் மாணவனின் தேர்வுத்தாளில் வந்து உட்கார்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில ஆனர்ஸ் தொடங்க இன்னும் 37 வருஷம் இருந்தது.

மதத்தை நேரடியாகப் போதித்தால் கலவரம் வரும் என்று பயந்த ஆட்சி, அதே வேலையை இலக்கியத்தை வைத்துச் செய்யப் பார்த்தது என்று கௌரி விஸ்வநாதன் 1989-ல் எழுதிய 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' புத்தகம் வாதிடுகிறது. பி.ஏ. மூன்றாம் ஆண்டிலோ எம்.ஏ.விலோ இந்தப் பெயர் உங்கள் காதில் விழும். அப்போது வகுப்பில் தூங்காதீர்கள். நீங்கள் ஏன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதற்கே அதில் விளக்கம் இருக்கிறது.

திணித்தது அவர்கள் என்றாலும், இங்கே இருந்தவர்கள் அதை வாங்கிச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. 1891-ல் வந்த 'மனோன்மணீயம்' நாடகத்துக்கு மூலக்கதை லிட்டன் எழுதிய ஓர் ஆங்கிலக் கதை. அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்ததுதான் நாம் பள்ளியில் நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து. பம்மல் சம்பந்த முதலியார் ஹேம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி மேடையேற்றினார். 'நினைவுப்பாதை' எழுதிய நகுலன், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். சங்கப் பாடல்களை உலகத்துக்குக் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர்; அவரது குறுந்தொகை மொழிபெயர்ப்பு 1967-ல் வந்தது. இங்கிலீஷ் லிட் படித்தால் தமிழை மறந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

தமிழ் தெரிந்தது ப்ளஸ் பாயின்ட்!

இதை எந்த அட்மிஷன் கவுன்சலிங்கிலும் சொல்ல மாட்டார்கள். ஆங்கில இலக்கிய வகுப்பில் தமிழ் மீடியம் மாணவருக்குச் சில விஷயங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

ஷேக்ஸ்பியரில் வரும் 'தௌ', 'யூ' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ'தான். அதனால் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏட்டுப் பாடம். நமக்கு அது 'நீ', 'நீங்க'. விஷயம் முடிந்தது! ஹேம்லெட்டின் மூன்றாம் அங்கத்தில் அம்மாவும் மகனும் மோதும் காட்சி ஒன்று வரும. அம்மா 'நீ' போட்டுத் திட்ட ஆரம்பிக்கிறாள். மகன் 'நீங்க' போட்டு அந்தக் குற்றச்சாட்டை அப்படியே அவள் பக்கம் திருப்புகிறான். அடுத்த வரியிலேயே அம்மாவும் 'நீங்க'வுக்கு மாறிவிடுகிறாள். வீட்டில் அம்மா கோபத்தின் உச்சியில் "சரிங்க சார், நீங்க பெரிய ஆளு" என்று சொன்னால் எப்படிச் சுருக்கென்று இருக்கும்? அந்தச் சுருக்கை உணர நமக்கு நோட்ஸ் தேவையில்லை.

அடுத்தது யாப்பு. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு மார்க் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலக் கவிதை வகுப்பில் 'ஸ்கேன்ஷன்' என்று சொல்வது கிட்டத்தட்ட அந்த வேலைதான். 'ஃபுட்' என்றால் சீர். 'லைன்' என்றால் அடி. எல்லோரையும் மிரட்டுகிற 'ஐயாம்பிக் பென்டாமீட்டர்' என்பது ஐந்து சீர் கொண்ட அடி, நம் கணக்கில் நெடிலடி. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம், எதை லேசாக விடுகிறோம் என்று பார்க்கிறார்கள். லேசு-அழுத்தம், லேசு-அழுத்தம் என்று ஐந்து தடவை வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர். வாய்விட்டு 'ததும் ததும் ததும் ததும் ததும்' என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் இதயத்துடிப்பு. எதுகை இல்லாமல் இந்த ஓட்டம் மட்டும் இருந்தால் 'பிளாங்க் வெர்ஸ்'. இன்னும் பின்னால் போனால் பழைய ஆங்கிலக் காப்பியமான 'பேவுல்ஃப்' முழுக்க மோனையால் கட்டியது. மோனை தெரியாத தமிழ் மாணவர் உண்டா?

ஆங்கில மொழி வரலாறு பேப்பரை 'போர்' என்று ஒதுக்குபவர்கள் அதிகம். எனக்கென்னவோ மூன்று வருஷத்தில் அதுதான் ஆகச் சுவையான பேப்பர் என்று தோன்றும். 'நைஃப்' என்று சொல்கிறோம், ஸ்பெல்லிங்கில் ஏன் தேவையில்லாமல் ஒரு 'கே'? சாஸர் காலத்தில் அந்த 'கே'யை உச்சரித்தார்கள். 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது. உச்சரிப்போ தன் போக்கில் மாறிக்கொண்டே இருந்தது. நாம் ஸ்கூலில் ஸ்பெல்லிங் டெஸ்ட்டில் அடிவாங்கியதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

1066-ல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆடு மாடு மேய்த்தவன் பேசியது ஆங்கிலம்; விருந்து மேஜையில் உட்கார்ந்தவன் பேசியது பிரெஞ்சு. அதனால் உயிரோடு இருக்கும்போது 'ஷீப்', தட்டுக்கு வந்தால் 'மட்டன்'. 'கௌ', 'பீஃப்' ஆனதும் அப்படியே. பிரியாணிக் கடையில் "அண்ணே, ஒரு மட்டன்" என்று சொல்லும்போது நீங்கள் பேசுவது பிரெஞ்சு! நம்மிடமிருந்து அவர்கள் வாங்கிக்கொண்டதும் உண்டு: கட்டுமரம் 'கேடமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற சூப்பாகிவிட்டது.

பேச்சு இங்கிலீஷுக்கு நேரடியாக உதவும் ஒரே கோர் பேப்பர் ஃபொனெடிக்ஸ். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்குத் தகுந்தபடி மூன்று விதமாக ஒலிக்கும். அதனால் ஆங்கிலத்தின் 'பி'யும் 'பீ'யும், 'கே'யும் 'ஜி'யும் நம் வாயில் குழம்புகின்றன. பாடப்புத்தகங்கள் சொல்லும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள். 20 உயிர், 24 மெய். அதைவிட முக்கியம் அழுத்தம். 'ரெக்கார்டு' என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல். தமிழில் இப்படி அழுத்தம் மாறி அர்த்தம் மாறாது. நம் ஆங்கிலம் 'தட்டையாக' கேட்பதற்குக் காரணம் இது. மற்றபடி அறிவுக்குறைச்சல் எல்லாம் இல்லை.

கைடு என்னும் கறையான்

இப்போது கசப்பான பகுதி. மூன்று வருஷத்தில் இருபது, முப்பது நாவல், நாடகம் சிலபஸில் இருக்கும். அதில் ஒன்றைக்கூட முழுசாகப் படிக்காமல் ஃபர்ஸ்ட் கிளாஸில் டிகிரி வாங்கிவிடலாம். இது மிகையில்லை. கல்லூரி வாசலில் இருக்கும் ஸ்டேஷனரி கடையிலேயே கைடு கிடைக்கிறது. பத்துப் பக்கத்தில் கதைச் சுருக்கம், ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பு, பாத்திரப் படைப்பு, 'முக்கிய' வினாக்கள். போன பத்து செமஸ்டர் கேள்வித்தாளை எடுத்து வைத்தால் பாதிக் கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஈ.ஆர்.சி. எனப்படும் 'இடம் சுட்டிப் பொருள் விளக்கு' கேள்விக்குக்கூட எந்த வரி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இப்போது கைடுக்கும் காசு வேண்டாம், ஏஐ-யிடம் கேட்டால் சுருக்கம் வந்து விழுகிறது.

பழியை மாணவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகிற பிள்ளைக்கு, நானூறு பக்க டிக்கன்ஸை மூன்று வாரத்தில் முடி என்றால் அவர் வேறு என்ன செய்வார்? படிக்காதவரும் படித்தவரும் ஒரே மார்க் வாங்கும்படி கேள்வித்தாள் எடுப்பது யார்? மாலை நேரத்தில் துணிக்கடையிலோ மெடிக்கல் ஷாப்பிலோ வேலை பார்த்துவிட்டு வருகிற மாணவர்கள் எத்தனை பேர்!

ஆனால், இழப்பு மாணவருக்குத்தான். ஆங்கிலம் வருவது புத்தகம் படிக்கப் படிக்கத்தான். கைடு படித்தால் வருவது கைடு இங்கிலீஷ். இன்டர்வியூவில் "உங்களுக்குப் பிடிச்ச நாவல் எது?" என்பது இந்த டிகிரிக்காரர்களிடம் கேட்கப்படும் சாதாரணக் கேள்வி. அதற்கு ஒரு பெயரைச் சொல்லி, "ஏன் பிடிச்சிருக்கு?" என்ற இரண்டாவது கேள்வியில் மௌனமாகிறவர்கள் ஏராளம். மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு நிமிட மௌனத்தில் கரைந்துபோகிறது.

அப்போ எப்படித்தான் படிக்கிறது?

முதல் ஆறு மாதம்தான் முக்கியம். அதில் சிலபஸை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். தெரிந்த கதையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்ன நாவல். சென்னைத் தெரு ஒன்றின் குடத்துச் சண்டைகள். தமிழில் இரண்டு நாளில் படித்துவிடலாம். பிறகு லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். கதை ஏற்கெனவே மனதில் இருப்பதால் டிக்‌ஷனரியைத் திறக்காமலே பாதி வார்த்தை புரியும். பாமாவின் 'கருக்கு', பெருமாள்முருகனின் 'பூக்குழி' இரண்டையும் இதேபோல் ஜோடியாகப் படிக்கலாம். பூக்குழியின் ஆங்கில வடிவமான 'பயர்' 2023-ல் இன்டர்நேஷனல் புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. 'நம்ம ஊர் பேச்சை இவர் எப்படி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்' என்று பார்க்க ஆரம்பித்துவிட்டால், உங்களுக்கே தெரியாமல் மொழிபெயர்ப்பு என்ற துறைக்குள் காலை வைத்துவிட்டீர்கள்.

அடுத்து ஆர்.கே.நாராயண். 1935-ல் வந்த 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' எளிய வாக்கியங்கள், கிரிக்கெட், பரீட்சை பயம், கண்டிப்பான அப்பா என்று நமக்குப் பழகிய உலகம். அதற்குப் பிறகுதான் ஜேன் ஆஸ்டின், டிக்கன்ஸ் எல்லாம். ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் ப்ரிஜுடிஸ்' 1813-ல் வந்தது என்றாலும், ஐந்து பெண்களைக் கரையேற்றத் துடிக்கும் அம்மாவும், மாப்பிள்ளையின் வருமானத்தைத் துருவித் துருவி விசாரிக்கும் ஊரும் நமக்கு அந்நியமா என்ன?

நாடகம் என்றால் முதலில் பார்த்துவிட்டுப் படியுங்கள். அது எழுதப்பட்டதே மேடைக்காகத்தான். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' மேக்பெத், 'ஓம்காரா' ஒத்தெல்லோ, 'ஹைதர்' ஹேம்லெட். சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு மூலத்துக்கு வந்தால் யார் யாரைக் கொல்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை, மொழியைக் கவனிக்கலாம்.

காசு செலவழிக்கவே வேண்டாம். காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்கள் எல்லாம் 'புராஜெக்ட் குடன்பர்க்' தளத்தில் இலவசம். அதே புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்த ஆடியோ 'லிப்ரிவாக்ஸ்' தளத்தில் இலவசம். பஸ்ஸில் போகும்போது ஒரு காதில் ஆடியோ, கையில் போனில் அதே பக்கம். தினம் இருபது நிமிடம் போதும். பேச்சு வரணும் என்றால் அதே பக்கத்தை அறையில் வாய்விட்டுப் படியுங்கள். ஏஐ-யையும் விட்டுவிட வேண்டாம். சுருக்கம் கேட்பதற்குப் பதிலாக, புரியாத ஒரு பத்தியை மட்டும் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். படிக்கும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. வெள்ளைக்காரர்களை மட்டும் படித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்', தலித் எழுத்து, பெண்ணிய எழுத்து எல்லாம் இப்போது பல கல்லூரிகளின் சிலபஸில் இருக்கின்றன. 1968-ல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் இரண்டு சகாக்களும் 'ஆங்கிலத் துறையையே கலைத்துவிடுங்கள், ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள்' என்று கேட்டார்கள். ஆங்கிலத்திலேயே எழுதுவேன் என்ற அச்செபேக்கும், என் தாய்மொழி கிகூயுவில்தான் இனி நாவல் எழுதுவேன் என்று போன கூகிக்கும் இடையிலான சண்டை, தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் சட்டென்று புரியும். மொழி அரசியல் நமக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சு.

சரி, வேலை?

அத்தையின் கேள்விக்கு வருவோம். ஆசிரியர் வேலை என்பது உண்மைதான், ஆனால் பி.ஏ.வோடு கிடைக்காது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக இரண்டு வருஷ பி.எட்., அதன் மேல் டெட் தேர்வு. மேல்நிலை வகுப்புக்குப் போக எம்.ஏ., பி.எட்., பிறகு டி.ஆர்.பி. தேர்வு. இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது: முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே பாடமாகவோ, இணையானது என்று அரசு ஏற்றுக்கொண்ட பாடமாகவோ இருக்க வேண்டும். சில கல்லூரிகள் ஆங்கிலத்தோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் புதுப்பெயரில் பட்டம் தருகின்றன. சேரும் முன்பே, அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பில் தெரியவந்தால் அழுது பயனில்லை.

கல்லூரியில் பாடம் எடுக்க எம்.ஏ.வில் 55 சதவிகிதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு), கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. நெட் தேர்வில் ஆங்கிலப் பாடத்துக்கு 100 கேள்வி, பொதுத்தாளுக்கு 50 கேள்வி. எல்லாம் கொள்குறி வகை. கைடு படித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். அதில் உயர்ந்த மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். வாங்கினால், ஆராய்ச்சி செய்ய முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பல குடும்பங்களில் அது அப்பா சம்பளத்தைவிட அதிகம். ஆனால், நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் எப்போதாவது ஒருமுறைதான் நிரப்பப்படுகின்றன. நடுவில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருஷங்கள் காத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஆசிரியர் வேலையைத் தாண்டி? வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களையும் புத்தகங்களையும் பிழைதிருத்தி, வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கின்றன. காபி எடிட்டர் வேலைக்கு இலக்கணத்தில் கறார்த்தனம் வேண்டும், பேச்சில் சரளம் அவ்வளவாகத் தேவையில்லை. கூச்ச சுபாவக்காரர்களுக்குத் தோதான இடம். சப்டைட்டில், மொழிபெயர்ப்பு வேலைகளுக்கு இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் வேண்டும். கன்டென்ட் ரைட்டிங் பற்றி ஓவர் கனவு வேண்டாம். முன்பு ஃப்ரெஷர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்ன எழுத்து வேலையை இப்போது ஏஐ செய்துவிடுகிறது. அது எழுதியதில் எது சொதப்பல் என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. பத்திரிகை, மூன்று வருஷ சட்டப்படிப்பு, வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என எந்தப் பட்டதாரிக்கும் உள்ள கதவுகள் இவர்களுக்கும் உண்டு. யு.பி.எஸ்.சி. மெயினில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாகவே எடுக்கலாம், 500 மார்க்.

மேலே படிக்க ஆசை இருந்தால் உள்ளூரோடு நிற்காதீர்கள். ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் என்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இஃப்லு என்பார்கள். புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்கள் நமக்குப் பக்கம். சியூஇடி-பிஜி தேர்வு எழுதினால் பல மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே நேரத்தில் முயலலாம். 2021-லிருந்து கேட் தேர்விலும் ஆங்கிலம் ஒரு பிரிவு. இன்ஜினீயர்களுக்கு மட்டும்தான் ஐ.ஐ.டி. என்று நினைத்துக்கொண்டிருந்தால், மெட்ராஸ் ஐ.ஐ.டி.யின் ஆங்கில எம்.ஏ. பற்றிக் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

சேரும் முன்...

அரசு கலைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியத்துக்கான தரவரிசைக்கு ப்ளஸ் டூ ஆங்கில மார்க்தான் பார்ப்பார்கள், மொத்த மார்க் இல்லை. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை படித்திருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நேராக நூலகத்துக்குப் போய் ஆங்கில அலமாரி எங்கே என்று கேளுங்கள். புத்தகம் வீட்டுக்குத் தருவார்களா, முதல் வருஷ மாணவருக்கு எத்தனை தருவார்கள் என்று விசாரியுங்கள். அங்கே படிக்கும் இரண்டாம் வருஷ அக்காவோ அண்ணனோ யாராவது கண்ணில் பட்டால், "போன செமஸ்டர்ல கிளாஸ்ல முழுசா படிச்ச புக் எதுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் தைரியமாக அப்ளிகேஷன் போடலாம்.